ஊரில் வெட்டிய கட்டி

கட்டி நோகவில்லை. அதுதான் அதனுடைய கெட்ட புத்தி. பல்லு நொந்தால் ஆர் என்றாலும் ஓடிப்போய்க் காட்டுவார்கள். நோகாமல் இருக்கிற ஒன்றை, அதுவும் தொடையில் இருக்கிற ஒன்றை, என்னைப்போல ஒருத்தி எப்படி எடுத்துக் காட்டுவாள்?

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. லண்டனில், மனோர் பார்க்கில், மகள் சுபாவோடும் மருமகனோடும் இருக்கிறேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கிற ஆள் இல்லை நான். எங்களுடைய முதியோர் ஒன்றுகூடலில், "அன்ரி, உங்களுக்கு நடந்ததை எழும்பிச் சொல்லுங்கோ, மற்றவைக்கு உதவும்" என்று கேட்டார்கள். எழும்ப முடியவில்லை, காலால் இல்லை, கூச்சத்தால். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திக் குளிக்கும்போது வலது தொடையின் பின்பக்கம் கைக்குத் தட்டுப்பட்டது. தேசிக்காய் அளவு. தோலுக்குக் கீழே, ஆழத்தில், அமத்தினால் அசையாமல் இருந்தது. மகளிடம் சொல்லவே மூன்று கிழமை எடுத்தது. அவள் எங்கள் குடும்ப டொக்டரிடம், ஜீபியிடம், கூட்டிக்கொண்டு போனாள். ஆம்பிளை டொக்டர். நல்ல பிள்ளை. அவர் பார்த்து முடியும்வரை நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொழுப்புக் கட்டியாக இருக்கலாம், ஆனாலும் ஸ்கான் எடுத்துப் பார்க்காமல் ஒன்றும் செய்யக்கூடாது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு எழுதினார். திகதியும் வந்தது. ஆனால் அதற்கு முன்னம் யாழ்ப்பாணத்தில் என் அக்காவின் பேத்திக்குக் கல்யாணம் வந்துவிட்டது.

இங்கேயிருந்து ஊருக்குப் போகிற எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கல்யாணத்துக்கு என்று போனாலும், கோயிலுக்கு என்று போனாலும், சூட்கேசுக்குள் எங்கள் வருத்தங்களையும் அடுக்கிக்கொண்டு போவோம். பல்லுக் கட்டுவது அங்கே. கண்ணாடி மாற்றுவது அங்கே. மலிவு என்பதற்காக மட்டும் இல்லை. அங்கே டொக்டருக்கு முன்னால் இருந்து, "ராசா, இந்த இடத்தில ஒரு மாதிரிக் கிடக்குது" என்று எங்கள் வாயால் சொல்லலாம். அந்த ஆசைதான் பெரிது.

கல்யாணத்துக்கு அடுத்த நாள் நான் சேலை மாற்றும்போது அக்கா கண்டுவிட்டா.

"உதென்னடி தொடையில?"

"ஒண்டுமில்லை அக்கா. சுபா ஸ்கானுக்குத் திகதி எடுத்து வைச்சிருக்கிறாள்."

"உங்கட லண்டனில ஸ்கான் எடுக்க ஒரு மாசம், அதை ஆள் பாக்க இன்னொரு மாசம். வெட்டுற நேரம் நீ உயிரோட இருக்கோணுமே! இஞ்ச ஒரு பொம்பிளை டொக்டர் இருக்கிறா. காலமை போனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடலாம்."

பொம்பிளை டொக்டர் என்ற சொல்லுக்குத்தான் நான் விழுந்தேன். பாவம், அவவும் அன்பான மனுசி. "இது வெறும் கொழுப்பம்மா, பயப்படாதேங்கோ" என்றா. விறைப்பு ஊசி போட்டு, வெட்டி எடுத்து, ஐந்து தையல் போட்டா. எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக் காட்டினா. பிறகு அது குப்பைக்குப் போயிற்று. சோதனைக்கு அனுப்பவேண்டும் என்று அவவுக்குத் தோன்றவில்லை. அப்படி ஒரு சோதனை இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அக்கா சொன்னபடியே மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டோம்.

திரும்பி வந்தபோது சுபாவிடம் எப்படிச் சொல்வது? "ஸ்கான் எடுக்குமட்டும் ஒருத்தரையும் அதில தொட விடாதேங்கோ" என்று எயர்போட்டில் வைத்துச் சொல்லி அனுப்பியவள் அவள்.

"அம்மா, கட்டி எப்பிடி இருக்கு?"

"அது கரைஞ்சு போச்சுப் பிள்ளை. பெரியம்மா நொச்சி இலை அரைச்சுக் கட்டினவ."

"உண்மையாவோ?"

"ஓம்."

அவளுக்குச் சந்தோசம். அப்பவே ஆஸ்பத்திரிக்கு போன் எடுத்து, அம்மாவுக்குச் சுகம், திகதி தேவையில்லை, வேறு யாருக்காவது குடுங்கோ என்று சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

தை மாதம் தையல் போட்ட இடத்தில் திரும்பவும் வந்தது. பங்குனிக்கு முதல் ஒரு சின்ன மாங்காய் அளவாயிற்று. முழங்கால் மடங்க மறுத்தது.

"அம்மா, ஏன் காலை நீட்டிக்கொண்டு காருக்குள்ள ஏறுறியள்?" என்று சுபா கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

"கரைஞ்சது எண்டியளே!"

"திரும்ப வந்திட்டுது."

"இது என்ன தழும்பு?"

"அது அந்த நாளையில கம்பி வேலி கிழிச்சது."

என் தொடையை அவள் அதற்கு முன்னம் கண்டதேயில்லை. நம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. முதலில் ஒரு ஸ்கான். பிறகு எம்.ஆர்.ஐ. என்ற குழாய்க்குள் படுக்கவைத்தார்கள். உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது. என் இரண்டு காப்பும் கையை விட்டு வர மறுத்தன. ஒரு கறுப்பு நர்ஸ் பிள்ளை சவர்க்காரம் போட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து, குழந்தைக்குக் கழற்றுவதுபோலக் கழற்றினாள். "ஸொரி மம்மா, ஸொரி மம்மா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். குழாய்க்குள் றோட்டு உடைக்கிற மெசின் போலச் சத்தம். நோவில்லை. பிறகு தடித்த ஊசி ஒன்றால் கட்டிக்குள்ளிருந்து நூல்போலச் சதை எடுத்தார்கள். பயப்சி என்பது அதுதான். ஊரில் செய்யாமல் விட்டதும் அதுதான்.

முடிவு வந்தது. சார்க்கோமா. சுபா தமிழில் சொல்ல முயன்று, முடியாமல், "சதையில வாற புற்றம்மா" என்றாள். நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். புற்று என்றால் நாங்கள் மார்பு, வயிறு, தொண்டை என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். இது கொழுப்பிலும் தசையிலும் நரம்பிலும், உறுப்புகளைச் சுற்றியிருக்கிற மிருதுவான சதைகளில் வருவது. அரிதாக வருவது. காலில் வருவதுதான் அதிகம். கையில், வயிற்றின் உள்ளே, தோளில் என்று எங்கேயும் வரலாம். காத்திருக்கிற அறையில் தோளில் கட்டி வந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தாள். வயிற்றுக்குள் வந்த ஒரு பெரியவர் இருந்தார். எல்லாருக்கும் ஒரே பெயர், ஆனால் ஒவ்வொருவருடைய கதையும் வேறு. சின்னதாக, மேலோட்டமாக இருக்கும்போது பிடிபட்டவர்கள் நெடுநாள் இருக்கிறார்கள். பெரிதாகி ஆழத்துக்குப் போனது திரும்பவும் வரலாம், சுவாசப்பைக்கும் ஓடலாம்.

சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர் ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை. உயரம். மெதுவாகக் கதைப்பா. முதல்நாள் சுபாதான் எனக்கும் அவவுக்கும் நடுவில் இருந்து சொன்னாள். டொக்டர் தழும்பைப் பார்த்தா. விரலால் தடவிப் பார்த்தா. ஏதோ கேட்டா.

"இது எப்ப வந்த தழும்பெண்டு கேக்கிறா அம்மா. நான் கம்பி வேலியெண்டு சொல்லிட்டன்."

"ஓம், ஓம்" என்று தலையாட்டினேன்.

டொக்டர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தா. பழைய தழும்பு வெளுத்துப்போய் இருக்கும். என்னுடையது ரோசாநிறமாக இருந்தது. அது அவவுக்குத் தெரியாமல் இருக்குமா? அடுத்தமுறை ஆஸ்பத்திரியே ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்யும் என்று மட்டும் சொன்னா.

சுபாவுக்குக் கோபம். காருக்குள், "ஏன், என்ர தமிழுக்கு என்ன குறையாம்?" என்று மருமகனிடம் கேட்டாள்.

"உம்மட தமிழுக்கு ஒரு குறையுமில்லை. நீர் மாமிக்கு நல்லதை மட்டும் சொல்லுவீர், கெட்டதை விழுங்கிப்போடுவீர். அது அவைக்குத் தெரியும்" என்றார் அவர்.

மருமகனைப் பற்றியும் சொல்லவேண்டும். இத்தனை வருடத்தில் நானும் அவரும் நேருக்கு நேர் கதைத்தது கொஞ்சம். எனக்குத் தொடையில் வருத்தம் என்று தெரிந்த பிறகு அவர் ஒருநாளும் "தொடை" என்று சொன்னதில்லை. "மாமிக்குக் கால் எப்பிடி?" என்றுதான் கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலால் வந்தபோது குளியலறைச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு கம்பி பூட்டியிருந்தது. ஒருத்தரும் அதைப்பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை குசினியில் சுபா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். மருமகன் பக்கத்தில். நான் படியில் இறங்கி வருகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

"நான்தானப்பா போன் எடுத்துக் கான்சல் பண்ணினனான். அண்டைக்கு ஸ்கான் எடுத்திருந்தா சின்னனிலேயே பிடிச்சிருப்பினம். அம்மாவுக்குக் காலை எடுக்கவேண்டி வந்தா என்னாலதான்."

கத்தியை வைத்துவிட்டு அழுதாள். நான் படியிலேயே நின்றேன். திரும்பி மேலே ஏறினேன். ஏறும்போதுதான் கால் உண்மையாகவே கனத்தது.

அறைக் கதவைச் சாத்திவிட்டு அக்காவுக்கு போன் எடுத்தேன்.

"அக்கா, நான் சுபாவிட்டச் சொல்லப்போறன்."

"சொல்லிப்போடாதையடி! பிறகு அவள் என்ர முகத்தில முழிப்பாளே? கொழுப்பெண்டு டொக்டர் சொன்னதை நீயும்தானே கேட்டனீ?"

"அவள் தன்னாலயெண்டு அழுறாள் அக்கா."

அக்கா மூக்கைச் சிந்துவது கேட்டது. "நான் உனக்கு நல்லதெண்டுதான் கூட்டிக்கொண்டு போனனான்" என்றா. அது பொய்யில்லை. அம்மா செத்த பிறகு எனக்குத் தலை இழுத்து வளர்த்தவ அவ. அவவைக் காட்டிக்கொடுப்பதா, மகள் செய்யாத பிழையைச் சுமக்க விடுவதா? நான் ஒரு முடிவும் சொல்லாமல் போனை வைத்தேன்.

இரண்டாவது தடவை போனபோது மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தாள். மதுரைப் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கும்.

"அம்மா, நீங்க என்ன சொல்றீங்களோ அதை அப்படியே சொல்லுவேன். அவங்க சொல்றதையும் அப்படியே சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். சரிங்களா?"

"சரி பிள்ளை" என்றேன். சுபா மற்றப் பக்கக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

டொக்டர் சொல்லச் சொல்ல அந்தப் பெண் சொன்னாள். முதலில் ஐந்து கிழமை கதிர்ச் சிகிச்சை. பிறகு சத்திரசிகிச்சை. கட்டியை மட்டும் தோண்டி எடுப்பதில்லை. பழத்தைத் தோலோடு எடுப்பதுபோல, உள்ளிருப்பது வெளியே சிந்தாமல், சுற்றியிருக்கிற நல்ல சதையோடு சேர்த்து எடுக்கவேண்டும். காலைக் காப்பாற்றலாம் என்றுதான் நினைக்கிறா. பிறகு டொக்டர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னதை அந்தப் பெண்ணும் மெதுவாகவே சொன்னாள்:

"இதுக்கு முன்னாடி அந்த இடத்துல யாராவது கத்தி வெச்சிருந்தா, அந்தக் கத்தி போன வழியெல்லாம் புற்று சிந்தியிருக்கும். அது தெரிஞ்சா அந்த இடம் முழுக்க எடுத்துடுவேன். தெரியாம விட்டுட்டா திரும்ப வரும். அப்போ காலைக் காப்பாத்த முடியாமப் போகலாம். யார் மேலயும் குத்தம் சொல்றதுக்காக நான் கேக்கல."

நான் சுபாவைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஊரில வெட்டினது. போன வருசம் ஆவணியில. அஞ்சு தையல். வெட்டினதைச் சோதிக்கேல்லை. மகளுக்கு நான் பொய் சொன்னனான். அவளில ஒரு பிழையுமில்லை."

அந்தப் பெண் "நான்" என்றே இங்கிலீசில் சொன்னாள். மொழிபெயர்ப்பவர்கள் அப்படித்தான் சொல்லவேண்டுமாம். என்னுடைய பொய்யை இன்னொருத்தி தன்னுடையதுபோல ஏற்றுக்கொண்டு சொல்வதைக் கேட்க எனக்கு அழுகை வந்தது. ஆனால் சுபாவுக்கு நான் தமிழில் சொன்னதே போதும், இங்கிலீசுக்குக் காத்திருக்கத் தேவையில்லையே. அவள் எழும்பி வெளியே போய்விட்டாள்.

டொக்டர் ஒரு தாளில் கால் படம் கீறி, எந்த இடத்தில், எவ்வளவு நீளம், இரத்தம் போகக் குழாய் வைத்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினா. ஏசவில்லை. கொழுப்பு என்று நினைத்து வெட்டிவிட்டு வருகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், இந்த நாட்டிலும் இருக்கிறார்கள் என்றா.

நான் கேட்கவேண்டியதையும் கேட்டேன். "நான் எவ்வளவு காலம் இருப்பன்?"

அந்தப் பெண் ஒருகணம் என்னைப் பார்த்தாள். பிறகு குறைக்காமல் கேட்டாள்.

"உறுதியா ஒரு கணக்கு சொல்ல முடியாதுன்னு சொல்றாங்கம்மா. நல்லா எடுத்துட்டா நிறையப் பேர் பல வருஷம் இருக்காங்களாம். சிலருக்கு நுரையீரல்ல வருமாம். அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவை நெஞ்சைப் படம் எடுத்துப் பார்ப்பாங்களாம்."

கதவு திறந்தது. சுபா ஒரு கடதாசிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அவள் கண் சிவந்திருந்தது. "குடியுங்கோ" என்றாள். அன்றைக்கு முழுவதும் வேறொன்றும் சொல்லவில்லை. இரவு படுக்கப்போகும்போதுதான் கட்டில் நுனியில் வந்து இருந்து, "நான் ஏசுவனெண்டே பயந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம்."

"ஏசியிருப்பன்தான்" என்றாள். பிறகு என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். கட்டியைச் சுற்றி, அதில் படாமல், நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

கதிர்ச் சிகிச்சைக்கு ஐந்து கிழமை, கிழமைநாள் எல்லாம் போனேன். இடம் தவறாமல் இருக்கத் தொடையில் மூன்று புள்ளி பச்சை குத்தினார்கள். எழுபது வயதுக்கு மேல் பச்சை குத்திக்கொண்டேன் என்று சுபா எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தாள். மருமகன் தன் வேலை ஷிப்டை மாற்றிக்கொண்டு காலையில் கூட்டிப்போவார். உள்ளே வரமாட்டார். வெளியில் பேப்பர் பார்ப்பார். கடைசிக் கிழமைகளில் தோல் வெய்யிலில் வெந்ததுபோலக் கறுத்து உரிந்தது. அலுப்பு எலும்புக்குள் இறங்கியது. அதைத் தவிர நோவில்லை.

ஒரு மாதம் விட்டுச் சத்திரசிகிச்சை. பின்பக்கம் திறந்த ஆஸ்பத்திரி உடுப்பில் நடப்பதற்குத்தான் நான் கத்தியைவிடக் கூடப் பயந்தேன். சுபா முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்றாக இரண்டு உடுப்புக் கேட்டு வாங்கினாள். இது எல்லாரும் கேட்கலாம். கேட்டால் தருவார்கள்.

கண் முழித்ததும் கையை விட்டுக் காலைத் தேடினேன். இருந்தது. பழைய தழும்பையும் கத்தி போன வழியையும் ஒரு தசைத் துண்டையும் எடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் இரண்டு பேர் பிடிக்க எழும்பி நின்றேன். எதிர்க் கட்டிலில் இருந்த வெள்ளைக்காரி கை தட்டினா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்றைக்கு மருமகன் பிளாஸ்கில் சொதியும், பெட்டியில் இடியப்பமும் கொண்டுவந்தார். சொதிக்குள் உப்பில்லை. "ஆர் வைச்சது?" என்று கேட்டேன். "ஏன் மாமி, நல்லாயில்லையோ?" என்றார். அப்போதுதான் விளங்கியது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அதே நேரம் அக்காவின் போன் வந்தது. சுபா எடுத்தாள். அக்கா அழுவது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. சுபா உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "பெரியம்மா, எனக்குக் கோவம்தான், இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா அம்மா சாப்பிடுறா, கால் இருக்குது. நீங்கள் முதல் அழுகையை நிப்பாட்டுங்கோ, உங்களுக்குப் பிரஷர் ஏறப்போகுது" என்றாள். போனை என் காதில் வைத்தாள். நானும் அக்காவும் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டு கிழமையில் வெட்டிய சதையின் முடிவு வந்தது. ஓரமெல்லாம் சுத்தம். ஒரு பக்கத்திலும் புற்று இல்லை. அந்தப் பழைய வழி தெரியாமல் வெட்டியிருந்தால் அப்படி வந்திராது என்று டொக்டர் சொன்னா.

போன மாதம் நெஞ்சுப் படத்தின் முடிவுக்குப் போனோம். சுபா என்னை வாசலில் இறக்கிவிட்டுக் கார் விட இடம் தேடிப் போனாள். மதுரைப் பெண் எனக்கு முன்னமே வந்திருந்தாள். அன்றைக்கு வேளைக்கே கூப்பிட்டுவிட்டார்கள். மகள் வருமட்டும் நிற்பமோ என்று டொக்டர் கேட்டா. சொல்லுங்கோ என்றேன்.

இடது சுவாசப்பையில் ஒரு சின்னப் புள்ளி தெரிகிறதாம். மிளகளவுகூட இல்லை. இப்படிப் புள்ளிகள் கன பேருக்கு இருக்கும், பழைய சளியாகவும் இருக்கலாம், அந்த வருத்தமாகவும் இருக்கலாம். மூன்று மாதத்தில் திரும்பப் படம் எடுத்தால்தான் தெரியும்.

நான் வெளியே வரும்போது சுபா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"முடிஞ்சுதோ? என்ன சொன்னவை?"

"ஒண்டுமில்லை" என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகம் அப்படி இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கார் வரைக்கும் நடந்தேன். கதவைச் சாத்தினாள். அவள் பெல்ட் போட முதல் சொன்னேன். புள்ளி என்றேன். மிளகு என்றேன். சளியாகவும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம் என்றேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"பயமா இருக்கோ அம்மா?"

"ஓம்."

"எனக்கும்."

கார்ப் பார்க்கில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒரு வாகனம் எங்கள் இடத்துக்காகப் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. அவள் என் கையை விடவில்லை. நானும் இழுக்கவில்லை.